மறிபட்ட ஒழுங்கை: யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்ட பாதைகளில் வழியுரிமையை நிலைநாட்ட முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் காணிச் சண்டை பெரும்பாலும் வேலியில் தொடங்கி ஒழுங்கையில் போய் நிற்கும். வருடக்கணக்கில் ஆள் நடமாட்டமில்லாமல் பற்றை மண்டிக் கிடந்த பாதைகளில் இது இன்னும் சிக்கல். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் போனவர்கள், படையினர் பிடித்து வைத்திருந்த உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் என்று பலருக்கும் ஒரே நிலைமைதான்: வளவு இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது, படலைக்குப் போகும் ஒழுங்கையைக் காணவில்லை. மண் அணை வழித்துத் தள்ளியபோது இரண்டு பக்க வேலியும் போயிருக்கும். அல்லது முதலில் திரும்பி வந்தவர் தன் வேலியை அரக்கி ஒழுங்கையையும் வளவோடு சேர்த்து அடைத்திருப்பார்.

இப்படியான நேரத்தில் ஆட்கள் முதலில் ஓடுவது பொலிசுக்கு, அல்லது கிராம உத்தியோகத்தரிடம். அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒழுங்கை எந்த வகைப் பாதை என்று தெரியாமல் ஓடினால் ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோரைக் கைகாட்டும். எந்த நீதிமன்றம், என்ன சான்று, யார் எதிராளி என்ற மூன்றையும் பாதையின் வகைதான் தீர்மானிக்கிறது.

பாதை எந்த வகை?

பொது ஒழுங்கை. இது பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மாநகர சபைக்கோ உரியது, அல்லது ஊர் முழுக்க நினைவறியாத காலத்திலிருந்து பாவித்து வந்தது. இதில் நடக்க யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. ஆள் நடக்காமல் விட்டதால் மட்டும் பொது வீதி தன் தன்மையை இழந்துவிடாது. அதை மூடுவதென்றால் அதற்குரிய அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி மூட வேண்டும். கைவிடப்பட்ட வீதியில் ஆளுக்குப் பாதி என்று இரு பக்கத்துக் காணிக்காரருக்கும் தானாகப் போய்ச் சேரும் என்றொரு நம்பிக்கை ஊரில் உண்டு. அப்படி எதுவும் கிடையாது. அரசுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சி, அதாவது பத்து வருடம் காணியைக் கையில் வைத்திருந்தேன் என்ற வாதமும் எடுபடாது.

கூட்டு ஒழுங்கை. நாலைந்து குடும்பங்கள் தங்கள் காணிகளில் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டு உண்டாக்கியது. மண் எல்லாருக்கும் பொது. ஆனால் ஊருக்குப் பொது அல்ல. சகோதரங்களுக்குச் சீதனமாகவும் நன்கொடையாகவும் பிரித்துக் கொடுத்த வளவுகளின் நடுவே போகும் குச்சொழுங்கைகள் அநேகமாக இந்த வகை.

மற்றவர் காணிக்கு மேலான வழியுரிமை. மண் அவருடையது, நடக்கும் உரிமை உங்களுடையது. இது உறுதி மூலம் வந்திருக்கலாம், பாகப்பிரிவினைத் தீர்ப்பில் வந்திருக்கலாம், பத்து வருடம் உரிமையோடு பாவித்ததால் வந்திருக்கலாம், வேறு வழியே இல்லாத அவசியத்தாலும் வரலாம்.

கடைசி, வெறும் அனுமதி. “இதாலை போட்டு வாங்கோ” என்று ஒருவர் விட்ட பாதை. எத்தனை வருடம் நடந்தாலும் அனுமதியில் நடந்தது உரிமையாகாது. அவர் மறித்தால் மறித்ததுதான். அவசிய வழி கேட்க இடமிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த இடங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. படையினர் தங்கள் வாகனத்துக்காகத் தனியார் காணிகளை ஊடறுத்து வெட்டிய பாதைகள் காணி விடுவித்த பிறகும் அப்படியே கிடந்தன, சனமும் பாவித்தது. பழைய ஒழுங்கை பற்றைக்குள் கிடக்க, இந்தப் புதுப்பாதையையே “எங்கட ரோட்டு” என்று பிடித்துக்கொள்வது ஆபத்து. அந்தக் காணிக்காரர் வேலி போட வந்தால் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம். படையினர் ஓடிய வருடங்களை உங்கள் பாவனைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. பழைய ஒழுங்கையைத் தேடி மீட்பதே உறுதியான வழி.

உறுதிகளை வாசிக்கும் முறை

உங்கள் உறுதி மட்டும் போதாது. ஒழுங்கையைத் தொடும் எல்லாக் காணிகளின் உறுதிகளும் வேண்டும். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணியின் பதிவேட்டுப் பக்கத்தையும் தேடி, குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை 1990க்கு முந்திய உறுதி ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். பிரச்சினை முளைத்தது அதற்குப் பிறகுதான்.

உறுதியின் கடைசியில் உள்ள அட்டவணையில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, நான்கு எல்லை. “வடக்கு எல்லை ஒழுங்கை” என்று உங்கள் உறுதி சொல்கிறது. எதிர்ப்பக்கக் காணியின் உறுதி “தெற்கு எல்லை ஒழுங்கை” என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. பிறகு எழுதிய உறுதியில் அந்த “ஒழுங்கை” காணாமல் போய், அந்த இடத்தில் நேரே பக்கத்துக் காணிக்காரரின் பெயர் வந்திருக்கிறதா? வந்திருந்தால் எந்த ஆண்டு, எந்த உறுதியில் மாறியது என்று குறித்து வையுங்கள். குறுக்கு விசாரணையில் உங்கள் சட்டத்தரணி முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

இரண்டாவது, “வழி வாய்க்கால் பங்கு”, “கிணற்றுப் பங்கும் அதற்குப் போய் வரும் வழியும்” என்பது போன்ற வால்வரிகள். இவற்றை நொத்தாரிசுமார் வழக்கமாக எழுதும் சடங்கு வார்த்தை என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கும். பொதுவாக எழுதியிருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. எந்தக் காணிக்கு மேலால், எந்தத் திசையில், எத்தனை அடி அகலம் என்று எழுதியிருந்தால் அசைக்க முடியாது. கவனிக்க: உங்களுக்கு எழுதப்பட்ட உறுதியில் மட்டும் வழி கொடுத்ததாக இருந்து, வழி கொடுக்க வேண்டிய காணியின் சொந்தக்காரர் எங்கும் கையெழுத்து வைக்காவிட்டால் அது அவரைக் கட்டாது. இல்லாத ஒன்றை விற்றவர் எழுதிக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, பரப்பளவு. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினெட்டுக் குழி. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பக்கத்துக் காணி உறுதிப்படி 2 பரப்பு, அதாவது 20 பேர்ச் என்று வைப்போம். இன்று அளந்தால் 21.5 பேர்ச் வருகிறது. கூடுதலான 1.5 பேர்ச் ஏறக்குறைய 38 சதுர மீற்றர். அந்தப் பக்கம் காணாமல் போன ஒழுங்கையின் நீளம் 25 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர் என்றால் 37.5 சதுர மீற்றர். கணக்கு பொருந்துகிறது. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்காடப் போக வேண்டாம். பழைய உறுதிகளின் பரப்பளவு பல நேரம் மதிப்பீடுதான். எல்லை தெளிவாக இருந்தால் பரப்பளவை விட எல்லைக்கே மதிப்பு. எல்லைச் சான்றோடு சேர்த்துக் காட்டும்போதுதான் இந்தக் கணக்குக்குப் பலம் வரும்.

பற்றை வெட்ட முன் நிலத்தைப் பாருங்கள்

திரும்பி வந்தவுடன் ஜேசிபி பிடித்து எல்லாவற்றையும் வழித்து விடுகிறார்கள். அதோடு பாதிச் சான்று போய்விடும். முதலில் படம் எடுங்கள்.

பழைய ஒழுங்கை நிலத்தில் அடையாளம் விட்டிருக்கும். இரு பக்க வேலிக்கும் போட்ட கதியால்கள், கிளுவையோ பூவரசோ முள்முருக்கோ, முப்பது வருடத்தில் மரமாகியிருக்கும் அல்லது அடிக்கட்டையாக நிற்கும். நாலைந்து அடி இடைவெளியில் இரண்டு சமாந்தர வரிசை தெரிந்தால் நடுவில் இருந்தது ஒழுங்கை. ஒற்றை வரிசை என்றால் அது வெறும் எல்லை வேலி. எல்லையில் நிற்கும் பனைகளையும் இப்படியே பாருங்கள். ஒழுங்கையின் தரை இரு பக்கத்தையும் விடச் சற்றுப் பள்ளமாக, இறுகி இருக்கும். மாரியில் வெள்ளம் அதாலேதான் ஓடும். பழைய படலைத் தூண், மதகு, மின்கம்பம் எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது முக்கியம். வீட்டின் பழைய படலை இப்போது அடைத்துக் கிடக்கும் பக்கத்தைப் பார்த்து நின்றால், அதைத் தெளிவாகப் படத்தில் பிடியுங்கள். கைத்தொலைபேசியில் இடக்குறிப்பும் திகதியும் பதிவாகும்படி வைத்து எடுப்பது நல்லது.

ஒவ்வொரு அடையாளத்துக்கும் இடையிலான தூரத்தை அளவு நாடாவால் அளந்து, கையால் ஒரு படம் கீறி வைத்திருந்தால் பிறகு வரும் நில அளவையாளருக்கு அது பெரிய உதவி.

எந்தக் கந்தோரில் என்ன கிடைக்கும்

பிரதேச சபையில் வீதிப் பதிவேடு. உங்கள் ஒழுங்கை அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முகப்பில் வாய்மொழியாகக் கேட்டால் “பிறகு வாங்கோ” என்றுதான் பதில் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்: இந்த ஒழுங்கை பதிவேட்டில் உள்ளதா, என்ன நீளம், என்ன அகலம், எப்போது எந்தச் செலவில் கிரவல் போடப்பட்டது, தெருவிளக்கு உண்டா, மூடும் தீர்மானம் எப்போதாவது எடுக்கப்பட்டதா. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “பதிவேட்டில் இல்லை” என்று வரும் பதிலும் ஒரு பதில்தான். கூட்டு ஒழுங்கையா வழியுரிமையா என்ற அடுத்த கேள்விக்கு நேரத்தோடு போகலாம்.

சபை கிரவல் போட்டதால் மட்டும் தனியார் ஒழுங்கை பொது வீதியாகிவிடாது. மறுபக்கம், வர்த்தமானியில் வரவில்லை என்பதால் மட்டும் பழைய பொது ஒழுங்கை தனியாருடையதாகிவிடாது. இந்த இரண்டையும் எதிர்த்தரப்பு குழப்பும்.

சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) பதிவேட்டையும் பழைய வாக்காளர் இடாப்பையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் வீட்டின் விலாசம் அந்த ஒழுங்கையின் பெயரில் இருந்தால் அது எழுத்துச் சான்று. பழைய மின்கட்டணப் பட்டியல், தபால் உறை கூட உதவும்.

நில அளவைத் திணைக்களத்தில் பழைய வரைபடங்களும் வான்படங்களும் உண்டு. இலங்கை முழுவதையும் 1956 இல் வானிலிருந்து படமெடுத்தார்கள். அகலமான வண்டில் பாதை அதில் தெரியலாம், நாலடிக் குச்சொழுங்கையை எதிர்பார்க்க முடியாது. 2000க்குப் பிந்திய காலத்துக்குக் கூகுள் ஏர்த்தின் பழைய செய்மதிப் படங்களை வருடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்த வருடப் படத்தில் வேலி நகர்ந்தது என்று கண்டால், அந்தத் திகதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். இது துணைச் சான்று மட்டுமே.

வயலுக்குள் போகும் பாதை என்றால் சபையை விடக் கமநல சேவை நிலையத்தில் கேட்பதே பொருத்தம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குத் தனி வழி வைத்திருக்கிறது.

கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கு ஊரில் இருக்கும் மதிப்பு நீதிமன்றத்தில் இல்லை. நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள், இன்ன ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள், இன்ன ஆண்டு மீளக் குடியேறினீர்கள் என்று உறுதிப்படுத்த அது நல்லது. “இவருக்குப் பாதை உரிமை உண்டு” என்று அவர் எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை.

முதல் கடிதத்தில் வரும் பிழை

பாதை மறிபட்டவுடன் பக்கத்து வளவுக்காரருக்கு எழுதும் முதல் கடிதம் பல வழக்குகளைக் கெடுக்கிறது. “தயவுசெய்து உங்கள் காணியால் போய்வர எங்களுக்கு அனுமதி தாருங்கள்” என்று பணிவாக எழுதிக் கையெழுத்தும் வைத்தால், மண் அவருடையது என்றும் நீங்கள் அனுமதியில் நடந்தவர் என்றும் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பத்து வருடப் பாவனை என்ற வாதம் அதோடு சரி.

எழுதுவதென்றால் இப்படி எழுதுங்கள்: “எமது காணிக்குப் போய்வர நாமும் எமக்கு முந்திய உரித்தாளரும் உரிமையோடு பாவித்து வந்த, வடக்கெல்லையில் உள்ள ஒழுங்கையை இன்ன திகதியில் நீங்கள் வேலி போட்டு மறித்துள்ளீர்கள். அதை அகற்றும்படி கேட்கிறோம்.” பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். மரியாதையாக எழுதுவதற்கு இதில் தடையில்லை. உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டும்.

வேலியை நீங்களே பிடுங்க வேண்டாம். உரிமை உங்களுடையதாக இருந்தாலும் பொலிஸ் முறைப்பாட்டில் பிரதிவாதியாக நிற்பது நீங்கள்தான்.

பத்து வருடமும் போர்க்காலமும்

நீண்டகால ஆட்சி பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி வழியுரிமை கோருபவர், தடையில்லாமலும் இடைவிடாமலும் மற்றவரின் உரிமையை ஏற்காமலும் பத்து வருடம் பாவித்ததை நிரூபிக்க வேண்டும். பாதை ஒரே தடத்தில் இருந்திருக்க வேண்டும். இன்று மாமரத்துக்கு இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று வெறுங்காணியில் குறுக்கே நடந்தது பாதையாகாது. பாவனையின் அளவும் முக்கியம்: நடைபாதையாகப் பெற்ற உரிமையில் இன்று லொறி ஓட்ட முடியாது. வண்டில் போனதை நிரூபிக்க முடிந்தால் வாகனத்துக்கு வாதாடலாம்.

இடம்பெயர்ந்த காலத்தை என்ன செய்வது? போரினால் தம் காணி உரிமையை நீதிமன்றத்தில் கோர முடியாமல் போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் இரண்டு வருட வரம்போடுதான் அது வந்தது. அந்தச் சலுகை இன்னும் திறந்திருக்கிறது என்று நம்பி வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம். 2009க்குப் பிறகு வேலி போட்டவருக்கும் பத்து வருடம் கடந்திருக்கலாம்; திரும்பி வந்தும் கேட்காமல் இருந்த ஒவ்வொரு வருடமும் அவர் கணக்கில்தான் ஏறும்.

பாவிக்காமல் விட்டதால் உரிமையைக் கைவிட்டீர்கள் என்றும் வாதிடுவார்கள். அதற்கு விடையாக இடம்பெயர்ந்தோர் பதிவு அட்டை, நிவாரண அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, காணி விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றைத் தொடர்ச்சியாக அடுக்கி வையுங்கள். விட்டுப் போனோம், விரும்பி விடவில்லை என்பதை அவை காட்டும்.

புதிதாக மறித்தால்: நீதவான் நீதிமன்றம்

வேலி நேற்று வந்தது, கைகலப்பு வரும் நிலை என்றால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு உண்டு. பொலிஸ் அறிக்கை தாக்கல் செய்யலாம். பொலிஸ் இழுத்தடித்தால் நீங்களே சத்தியக்கடதாசியோடு நேரடியாகப் போகலாம். யாழ்ப்பாணத்தில் இது நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும்.

“இரண்டு மாதத்துக்குள் போகாட்டில் எல்லாம் முடிஞ்சுது” என்று ஊரில் சொல்வது முழுக்கச் சரியல்ல. இரண்டு மாதக் கணக்கு 68 ஆம் பிரிவுக்குரியது. அதாவது காணியின் ஆட்சியிலிருந்து ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றிய பிணக்குக்கு. வழியுரிமைப் பிணக்கு 69 ஆம் பிரிவுக்குள் வரும். அங்கே நீதிமன்றம் பார்ப்பது அந்த உரிமை யாருக்கு என்பதை. இருந்தாலும் சுணங்கினால் அமைதிக் குலைவு என்ற அடிப்படையே பலவீனப்படும். கூட்டு ஒழுங்கை என்றால் மண்ணின் ஆட்சியும் சேர்ந்து வரக்கூடும் என்பதால் இரண்டு மாதத்துக்குள் போவதே புத்தி.

இந்த விசாரணை பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலும் ஆவணத்திலுமே முடியும். வாய்மொழிச் சாட்சி சொல்ல வாய்ப்பு வரும் என்று எதையும் பின்னுக்கு வைக்காதீர்கள். படங்கள், உறுதிப் பிரதிகள், பதிவுத் தபால் கடிதம், ஒழுங்கையைப் பாவித்த வயதான அயலவர்கள் இரண்டு மூன்று பேரின் சத்தியக்கடதாசிகள் எல்லாம் முதல் தடவையிலேயே இணைக்கப்பட வேண்டும். கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மட்டும் கேட்கலாம். கிடைக்கும் கட்டளையும் இறுதித் தீர்ப்பல்ல. மாவட்ட நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளிக்கும்வரை வழி திறந்திருக்கும், அவ்வளவுதான்.

பொது ஒழுங்கை மறிபட்டால் வேறு வழி. முதலில் சபைக்கு எழுத்து முறைப்பாடு. அதோடு 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுமக்கள் பாவிக்கும் வழியில் உள்ள தடையை அகற்ற நீதவானிடம் நிபந்தனைக் கட்டளை கேட்கலாம். சபை அசையாவிட்டால் அதன் கடமையைச் செய்யும்படி பணிக்கக் கேட்டு யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு. தனி ஆளாகச் சபையோடு மோதுவதை விட அந்த ஒழுங்கையைப் பாவிக்கும் எல்லா வீட்டாரும் கையெழுத்து வைப்பது வேலையைச் சுலபமாக்கும்.

மத்தியஸ்தம்

இணக்கசபை என்று ஆட்கள் சொல்லும் மத்தியஸ்த சபைக்குப் போவது வழியுரிமைப் பிணக்கில் வீண்வேலை அல்ல. அயலவர் இருவரும் அதே ஒழுங்கையால்தான் காலமெல்லாம் போய்வரப் போகிறார்கள். வடக்குக் கிழக்கில் காணிப் பிணக்குகளுக்கெனத் தனி விசேட மத்தியஸ்த சபைகளும் உண்டு. அங்கே சட்டத்தரணி முன்னிற்க மாட்டார். நீங்கள்தான் பேச வேண்டும். சில வழக்குகளில் மாவட்ட நீதிமன்றம் போக முன் இணங்காமைச் சான்றிதழ் கட்டாயம், ஆகவே உங்கள் பிணக்கு அதில் அடங்குமா என்று சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள்.

இணக்கம் வந்தால் அங்கேயே அளவைச் சொல்லுங்கள். “ஆறடி” என்றால் வேலியின் உட்பக்கத்திலிருந்தா, கதியாலின் நடுவிலிருந்தா? இரண்டு பக்கமும் வளர்ந்த பூவரசு அடிமரத்தைக் கழித்தால் ஆறடி நாலரையாகிவிடும். ஓட்டோ திரும்ப இடம் எங்கே, மதில் வந்தால் அத்திவாரம் எந்தப் பக்கம் என்பதும் பேச வேண்டியவை.

மாவட்ட நீதிமன்ற வழக்கு

உரிமை வெளிப்படுத்தும் வழக்கு இங்கேதான். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 41 ஆம் பிரிவின்படி கோரும் பகுதியை எல்லையோடும் வரைபடத்தோடும் வழக்குத் தொடுக்கும் முறைப்பாட்டில் விபரிக்க வேண்டும். “எதிராளியின் காணிக்கூடாக ஒரு பாதை” என்று எழுதி வந்த வழக்குகள் இந்த ஓட்டையிலேயே விழுகின்றன. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு, எந்தத் துண்டுக்கு மேலால் போகிறது என்பதை உரிமம் பெற்ற நில அளவையாளர் கீறிய வரைபடத்தில் தனி எழுத்திட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீதிமன்ற ஆணையின்பேரில் இன்னொரு அளவை நடக்கும். அன்று நீங்களே நின்று பழைய அடிக்கட்டை, தூண், மதகு ஒவ்வொன்றையும் காட்டி அறிக்கையில் ஏற்றுவியுங்கள். சொல்லாததை அவர் எழுத மாட்டார்.

அவசிய வழி கேட்பதானால் வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். சுற்று வழி ஒன்று இருந்து அது வசதி குறைவென்றால் போதாது. கிட்டிய வழியாகவும், மற்றவருக்குச் சேதம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். நட்டஈடு கட்ட ஆயத்தமாகப் போங்கள். ஒரே காணியைத் துண்டாக்கி விற்றதால் உங்கள் துண்டு உள்ளே அகப்பட்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது விற்றவரின் மிச்சக் காணியை. சம்பந்தமில்லாத அயலவரை அல்ல.

பத்து வருடப் பாவனையையும் அவசிய வழியையும் ஒரே முறைப்பாட்டில் ஒன்றுக்கொன்று மாற்றுக் கோரிக்கையாகக் கோரலாம். ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பாகப்பிரிவினை வழக்கு என்ற பொறி

பலருக்கு இது தெரியாது. நீங்கள் நடந்துவரும் காணி பாகப்பிரிவினை வழக்கில் இருந்து, உங்கள் வழியுரிமை தீர்ப்பில் குறிக்கப்படாமல் போனால் அது அழிந்துபோகும். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, தீர்ப்பில் சொல்லப்படாத வழியுரிமை உட்பட எல்லாச் சுமைகளிலிருந்தும் காணியை விடுவிக்கிறது. அவர்கள் தங்களுக்குள் பிரிக்கிறார்கள், எங்களுக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பக்கத்துக் காணியில் நீதிமன்ற நில அளவையாளர் நிற்கிறார், அறிவித்தல் ஒட்டியிருக்கிறது என்றால் அன்றே வழக்கிலக்கத்தை எடுத்து, உரித்துக் கோருபவராக உள்ளே போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் ஒருவரிடம் இதைச் சொல்லி வைக்காவிட்டால் வழக்கு முடிந்த பிறகுதான் செய்தி வரும்.

இணக்கத்தை எழுத்தில் போடும்போது

கடைசியில் பெரும்பாலான ஒழுங்கைப் பிணக்குகள் பேச்சில்தான் தீர்கின்றன; பிறகு எழுத்தில்தான் கெடுகின்றன. முத்திரையில் எழுதி இரண்டு பேர் சாட்சி வைத்த கடதாசி வழியுரிமையை உண்டாக்காது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி மீது சுமை ஏற்றும் எதுவும் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட வேண்டும்.

யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதில் யாழ்ப்பாணத்தில் மூன்று இடத்தில் தடுக்குப்படும். கூட்டுக்காணி என்றால் பங்காளர் எல்லாரும் வேண்டும். ஒருவர் கொடுத்த வழி மற்றவர்களைக் கட்டாது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண்ணின் காணி, அதாவது அநேக சீதன வளவுகள் என்றால், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். உரித்தாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் அவர் ஊரில் ஒருவருக்குக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தில் (தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில்) வழியுரிமை கொடுக்கும் அதிகாரம் குறிப்பிட்டு எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். “காணியைப் பராமரிக்க” என்று எழுதிய தத்துவத்தில் பாதை கொடுக்க முடியாது.

உறுதியில் இருக்க வேண்டியவை: நில அளவை வரைபட இலக்கமும் திகதியும், பாதையின் துண்டெழுத்து, அகலம் மீற்றரிலும் அடியிலும், கால்நடையாகவா வாகனத்துக்கா, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோக உரிமை உண்டா, பராமரிப்புச் செலவு யாருடையது, எந்தக் காணியின் பயனுக்கு, இரு பக்கத்தாரின் வழித்தோன்றல்களையும் கட்டும் என்ற வாசகம். மின்கம்பியை மறந்துவிட்டால் வீடு கட்டும்போது மறுபடி அதே அயலவரின் சம்மதத்துக்கு அலைய வேண்டிவரும்.

உறுதி முடிந்ததும் அதை வழி கொடுத்த காணியின் பதிவேட்டுப் பக்கத்தில் பதிவித்தீர்களா என்று பாருங்கள். உங்கள் காணியின் பக்கத்தில் மட்டும் பதிந்தால், நாளைக்கு அந்தக் காணியை வாங்குபவரின் தேடலில் உங்கள் உரிமை தெரியாது. பதிவு முடிந்த ஒரு மாதத்துக்குள் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி (சாற்றெடுப்பு) ஒன்று எடுத்து, இரண்டு பக்கத்திலும் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். நில அளவையாளரைக் கொண்டு பாதையின் இரு பக்கமும் வளையும் இடங்களில் எல்லைக்கல் போட்டு, எதிர்த்தரப்பும் நிற்கும்போது படம் எடுத்து வையுங்கள். கதியால் வேலி போடுவதென்றால் கல்லுக்கு வெளியே, அவரவர் காணிக்குள் குறைந்தது அரையடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். மரம் தடிக்கும்போது பாதைக்குள் வராது.